கொடி விரியக் கூடாது

ஒரு கொடியை வடிவமைக்க எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டால், துணியும் கத்தரியும் இருந்தால் ஒரு மத்தியானம் போதும் என்று நீங்கள் சொல்வீர்கள். அதனால்தான் உங்களை யாரும் குழுவில் போடவில்லை. மாநிலக் கொடி வடிவமைப்பு மற்றும் வரலாற்று உயர்நிலைக் குழு தொண்ணூற்றொன்றாம் ஆண்டு அமைக்கப்பட்டது. மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு பழைய விருந்தினர் மாளிகையை அதற்கு ஒதுக்கினார்கள். கொடி எப்படிப் பறக்கிறது என்று பார்க்கக் காற்று வேண்டும் என்பது கோப்பில் எழுதிய காரணம். வஞ்சிர வறுவல் நன்றாகக் கிடைக்கும் என்பது கோப்பில் எழுதாதது. இந்தக் கதை நடந்த இரண்டாயிரத்து இரண்டிலும் குழு அங்கேயேதான் இருந்தது.

சும்மா இருந்தது என்று சொன்னால் பாவம். முதலில் புலியா மீனா வில்லா என்று பேசினார்கள். புலி என்றால் சோழ நாட்டுக்குச் சலுகை, மீன் என்றால் பாண்டிய நாட்டுக்குச் சலுகை. வில்லைப் போடலாம் என்றதும், சேரரைத்தான் நாம் கேரளத்துக்குத் தாரை வார்த்துவிட்டோமே என்று ஓர் உறுப்பினர் கண் கலங்கிவிட்டார். மாமல்லபுரத்திலேயே உட்கார்ந்துகொண்டு பல்லவரின் எருதை விடுவது நன்றாயிருக்காது என்று அடுத்து எருது வந்தது. நான்கையும் ஒரே துணியில் வரைந்து பார்த்தார்கள். வில் புலியைக் குறி வைத்தது, புலி எருதைப் பார்த்து வாயைப் பிளந்தது. மீன் மட்டும் யார் வம்புக்கும் போகாமல் இருந்தது.

புலி எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு துணைக்குழு. மேற்கே பார்த்தால் காவிரிப் பிரச்சினை, வடக்கே பார்த்தால் டில்லியை மிரட்டியதாகும், தெற்கே பார்த்தால் வெளியுறவுத் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். கிழக்கே கடல்தான். கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு புலி என்ன செய்யும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் துணைக்குழு கலைந்தது.

ஓர் உறுப்பினர் காஷ்மீருக்குப் போய் அந்த மாநிலத்துக் கொடியை, ஏர்க்கலப்பை போட்ட சிவப்புக் கொடியை, பார்த்துவிட்டு வந்தார். கலப்பை போட்டால் நெசவாளர்கள் கோபிப்பார்கள் என்று அதை விட்டார்கள். வரலாற்று உறுப்பினர் திருநாவுக்கரசு அமெரிக்கா போனார். அங்கே எத்தனையோ மாநிலங்கள் நீலத் துணியில் அரசு முத்திரையைப் பதித்து அதையே கொடி என்று பறக்க விட்டிருக்கின்றன, கொஞ்சம் தள்ளி நின்றால் எது எந்த மாநிலம் என்று அந்த ஊர்க்காரருக்கே தெரியாது என்று எழுதிக் கொடுத்தார். தெரியாமல் இருப்பதே அந்தக் கொடிகளின் பலம் என்று அறிக்கையை முடித்திருந்தார். அதற்குக் குழு எழுந்து நின்று கைதட்டியது.

மோசஸுக்கும் இந்தக் குழுவுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவர் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்து, காதோரம் நரைத்த பிறகு கிடைத்த வேலை. அப்பா அடுத்தவர் கழனியில் கூலிக்கு நாற்று நட்டவர். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் மோசஸ். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆகியிருக்க வேண்டும், ஆனால் அந்த வருடக் குடியரசு தினத்தன்று பள்ளியில் கொடி சிக்கிவிட்டது.

பூவை வைத்துக் கொடியை மடித்துச் சுற்றி, கயிற்றில் ஒரு சுருக்குப் போட்டு மேலே ஏற்றி வைப்பது நம் வழக்கம். விருந்தினர் வந்து மறுமுனையை ஓர் இழு இழுத்தால் சுருக்கு அவிழ வேண்டும், பூ கொட்ட வேண்டும், எல்லோரும் கைதட்ட வேண்டும். அன்றைக்கு விருந்தினர் இழுத்தார், இழுத்தார், முகம் சிவக்கும்வரை இழுத்தார். மூட்டை அசையவில்லை. இறக்கி, பிரித்து, மறுபடி கட்டி ஏற்றுவதற்குள் அவர் காரில் ஏறிவிட்டார். மறுநாள் மோசஸுக்கு மெமோ வந்தது. அந்த மெமோ தீராமல் வேலை நிரந்தரம் ஆகாது, நிரந்தரம் ஆகாவிட்டால் எந்த நாளும் வீட்டுக்கு அனுப்பலாம். ஒன்பது மாதமாக மோசஸ் சரியாகத் தூங்கவில்லை.

அக்டோபரில் தலைமை ஆசிரியர் செங்கல்வராயன் கூப்பிட்டு அனுப்பினார்.

"மோசஸ், இன்னாய்யா பண்ணி வச்சிருக்கே? மாமல்லபுரத்துல இருந்து போன் வந்துகீது. கொடி கமிட்டியாம். உன்னத்தான் கேக்கறாங்க."

"நா ஒண்ணும் பண்ணலியே சார்."

"அதப் போயி அவங்ககிட்ட சொல்லு. எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்?"

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறிய மோசஸ் வழியெல்லாம் ஜெபம் பண்ணிக்கொண்டே போனார். விருந்தினர் மாளிகையில் குழுத் தலைவர் பட்டாபி அவரை எதிரே உட்கார வைத்துக் காபி கொடுத்தார். பட்டாபி பல துறைகளில் உயர் பதவி வகித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே இந்தக் குழுவுக்குத் தலைவரானவர். பக்கத்தில் திருநாவுக்கரசு.

"பாருங்கோ மோசஸ்," என்றார் பட்டாபி. "நவம்பர் ஒண்ணாம் தேதி, மாநிலம் அமைஞ்ச நாள். கடற்கரைல விழா. கொடியை அமைச்சர் அறிமுகப்படுத்தறார். பத்திரிகை அடிச்சாச்சு, பந்தல் போட்டாச்சு, போலீஸ் பேண்டு சொல்லியாச்சு. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

"இன்னா சார்?"

"கொடி."

மோசஸ் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"படத்துக்குத்தான் சண்டைன்னு பார்த்தா நிறத்துக்கும் சண்டை," என்று பட்டாபி தொடர்ந்தார். "சிவப்பைத் தொட்டா ஒரு கட்சி வருது. கறுப்பைத் தொட்டா நாலு கட்சி வருது. பச்சை, மஞ்சள், நீலம், காவி, எல்லாத்துக்கும் சொந்தக்காரா இருக்கா. கடைசில தையல்காரன் கொடுத்த வெறும் பாப்ளின் துணிதான் மிஞ்சித்து. அதை அப்படியே மடிச்சு ஏத்திடறோம். அமைச்சர் இழுப்பார். அது விரியக் கூடாது."

"விரியக் கூடாதுங்களா?"

"விரிஞ்ச கொடில யார் வேணா குத்தம் கண்டுபிடிக்கலாம். விரியாத கொடில என்ன குத்தம் கண்டுபிடிப்பா? மழை, காத்துன்னு சொல்லி நான் மைக்கைப் பிடிச்சுப்பேன். கொடி ஏறியாச்சுன்னு பேப்பர்ல வந்துடும். நாங்க நிதானமா இன்னொரு அஞ்சு வருஷம் யோசிப்போம்."

திருநாவுக்கரசு தொண்டையைச் செருமினார். "இந்த மாவட்டம் முழுக்க விசாரித்தோம். கொடி சிக்கிய அனுபவம் உடையவர் நீங்கள் ஒருவர்தான்."

"சார், அது நா வேணும்னு பண்ணதில்ல சார்! தானா சிக்கிச்சு சார்."

"அடக்கம்," என்று திருநாவுக்கரசு பட்டாபியிடம் சொன்னார்.

பட்டாபி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். மோசஸ் மீதான மெமோவை ரத்து செய்து, வேலையை நிரந்தரமாக்கச் சொல்லும் உத்தரவு. கல்வித் துறையில் அவருக்கு வேண்டியவர் மூலமாகத் தயாராகி வந்திருந்தது, பட்டாபி ஒரு வார்த்தை சொன்னால் கையெழுத்தாகிவிடும். "கொடி சிக்கட்டும். அடுத்த நிமிஷம் போன் பண்ணிடறேன்" என்றார். விரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. தாளை மறுபடி இழுப்பறையில் போட்டு மூடினார், அவ்வளவுதான்.

அன்று பிற்பகலே ஒத்திகை. மாளிகையின் பின்புறக் கம்பத்தில் மோசஸ் கட்டினார். திருநாவுக்கரசு இழுத்தார். சுருக்கு வெண்ணெய் மாதிரி அவிழ்ந்து துணி பட்டென்று விரிந்தது. மோசஸ் இன்னும் இறுக்கிக் கட்டினார், விரிந்தது. இரண்டு சுருக்குப் போட்டார், இரண்டும் அவிழ்ந்தன. தலைகீழாகக் கட்டிப் பார்த்தார். அது முன்னைவிட அழகாக விரிந்து, உள்ளே இருந்த செவ்வந்தி எல்லாம் திருநாவுக்கரசின் வழுக்கையில் கொட்டியது. காவலாளி தன்னை மறந்து கைதட்டிவிட்டு, முறைத்த முகங்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"தச்சுட்டா இன்னா சார்?" என்று மோசஸ் கேட்டார்.

"தைத்தால் தையல் கூலி எழுத வேண்டும்," என்றார் திருநாவுக்கரசு. "எழுதினால் தணிக்கையில் கேட்பார்கள். சிக்குவது இயற்கையாக இருக்க வேண்டும்."

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அதே கதைதான். பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து மோசஸ் கட்டிய ஒவ்வொரு கொடியும் விரிந்தது. வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக அவர் கொடி கட்டியதே இல்லை. பட்டாபி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போவார். அந்தத் தலையாட்டலைப் பார்க்கும்போதெல்லாம் மோசஸ் கொடியை இறக்கி மறுபடி மடிக்கத் தொடங்குவார்.

வீட்டில் மனைவி செல்லம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு இன்னா பண்ணியோ அதையே பண்ணேன்யா."

"அன்னிக்கு இன்னா பண்ணேன்னு தெரிஞ்சா அன்னிக்கே பண்ணிருக்க மாட்டேனே."

"நல்லா கட்டுனா திட்றாங்க, கெட்டுப் போனா மெமோ குடுக்கறாங்க. இன்னா ஆளுங்கய்யா இவங்க?"

மோசஸ் சோற்றைப் பிசைந்தார், சாப்பிடவில்லை. இந்த வயதுக்கு மேல் இன்னொரு வேலை யார் கொடுப்பார்கள்? மறுபடி கழனிக்குப் போகலாம் என்றால் அந்தக் கழனியெல்லாம் மனைகளாகி எல்லைக்கல் நட்டாயிற்று.

நவம்பர் ஒன்று வெள்ளிக்கிழமை. விடிந்தபோதே மழை. பிறகு விட்டுவிட்டுத் தூறியது. கடல் பொங்கிக்கொண்டிருந்தது, பந்தல் துணி காற்றில் படபடவென்று அடித்தது. மோசஸ் நனைந்த கயிற்றில் நனைந்த துணியைக் கட்டினார். எப்போதும் போலத்தான் கட்டினார், வேறு எதுவும் அவருக்குத் தெரியவில்லை. கர்த்தாவே, இது விரியாமல் பார்த்துக்கொள்ளும் என்று வேண்டினார். இப்படி ஒரு விண்ணப்பம் பரலோகத்துக்கு இதற்கு முன் போயிருக்குமா தெரியாது.

அமைச்சர் வந்தார், பேசினார். "பதினோரு ஆண்டுகள்! வேறு அரசாக இருந்தால் அவசரப்பட்டு ஒரு கொடியைச் செய்து முடித்திருப்பார்கள். நாம் முடிக்கவில்லை! முடிக்காமல் இருக்கத் துணிவு வேண்டும். இந்தக் கொடியை நான் இதுவரை பார்த்ததில்லை. பார்க்காமலே ஒப்புதல் கொடுத்தேன் என்றால், இந்தக் குழுவின் மீது எனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று எண்ணிப் பாருங்கள்." கைதட்டல் ஓய்ந்ததும் கம்பத்தை நோக்கி நடந்தார். மோசஸ் கம்பத்துக்குப் பத்தடி தள்ளி நின்றார்.

அமைச்சர் இழுத்தார். மூட்டை அசையவில்லை.

இன்னொரு முறை இழுத்தார். ஊறிப்போன கயிறு முடிச்சை இன்னும் நெரித்தது. மோசஸ் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார். மேடையில் பட்டாபியின் முகத்தில் புன்னகை அரும்பியது. மனப்பாடம் செய்து வைத்திருந்த 'இயற்கை அன்னை இன்று' என்ற வாக்கியத்தோடு மைக்கை நோக்கிப் போனார்.

குழு எல்லாவற்றையும் யோசித்திருந்தது. சோழர், பாண்டியர், அமெரிக்கர் எல்லோரையும் யோசித்திருந்தது. அமைச்சர் ஒரு கட்சிக்காரர் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. ஏற்றப் போன கொடி சிக்கினால் அபசகுனம், பதவி போகும் என்று அவர் உறுதியாக நம்பினார். முன்பு ஒருவருக்குச் சிக்கி, அந்த வாரமே போயும் இருந்ததாம். அமைச்சரின் முகம் சாம்பல் பூத்தது. கயிற்றை விட மறுத்தார்.

அவருடைய உதவியாளர் தனகோடி கைக்கடிகாரத்தைப் பார்த்து அலறினார். "பத்தரைக்கு ராகு காலம்! அதுக்குள்ள அது விரிஞ்சாவணும்! எவன்யா கட்டுனது?"

குழு உறுப்பினர்கள் அனைவரும் ஒரே சமயத்தில் மோசஸைக் காட்டினார்கள். பதினோரு ஆண்டில் குழு ஒருமனதாக எடுத்த முதல் முடிவு அதுதான்.

"ஏறு!" என்றார் தனகோடி. "பி.டி. மாஸ்டர்தானே? ஏறி அவுத்து வுடு. அவுக்காம எறங்குனே, இன்னியோட உன் வேலை காலி."

மோசஸ் செருப்பைக் கழற்றினார். பட்டாபி அவசரமாக வந்து, தட்டிக்கொடுப்பது போலக் குனிந்து காதில் சொன்னார்: "ஏறுங்கோ. அவிழ்க்கிற மாதிரி பண்ணுங்கோ. ஆனா அவிழ்த்தேள்னா, அந்த உத்தரவு இழுப்பறைலயேதான் இருக்கும்."

இரும்புக் கம்பம் நனைந்து வழுக்கியது. கால்களைப் பின்னி, கைகளை மாற்றி மாற்றி மோசஸ் ஏறினார். பாதி உயரத்தில் ஒருமுறை சறுக்கிக் கீழே வந்தார். கூட்டம் 'ஐயோ' என்றது. மறுபடி ஏறினார். மேலே போகப் போகக் கம்பம் காற்றில் ஆடியது. உச்சியில் கப்பியைத் தொட்டபோது முன்னங்கையெல்லாம் சிராய்த்து எரிந்தது. ஒரு பக்கம் கடற்கரைக் கோயில், ஒரு பக்கம் சேறு கலங்கிய அலை. நேர் கீழே குடைகளும் அண்ணாந்த முகங்களும்.

"அவுத்து வுடு! அவுத்து வுடு!" என்று தனகோடி கத்தினார். பட்டாபி மேடையிலிருந்து, ஈ ஓட்டுவது போல, வேண்டாம் வேண்டாம் என்று கையை அசைத்தார். அவிழ்த்தால் இவர் விட மாட்டார், அவிழ்க்காவிட்டால் அவர் விட மாட்டார். மோசஸின் பிடி வழுக்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தால் இரண்டு பேருக்கும் வேலை வைக்காமல் தானே கீழே போய்விடுவோம் என்று அவருக்குத் தெரிந்தது. உயிரோடு இறங்க வேண்டும், அதற்கு மேல் எதுவும் அப்போது தோன்றவில்லை. கைகளை எடுக்க முடியாததால் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார்.

நனைந்த பூ அவர் முகத்திலேயே அப்பியது. துணி உதறிக்கொண்டு விரிந்தது. வெள்ளை. ஒரு கோடு கூட இல்லாத வெள்ளை.

பட்டாபி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாய்யா இது, வெறுந்துணியா கீது?" என்றார் அமைச்சர். மைக் அருகில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

இருபத்தெட்டு வருடம் அரசுப் பணியில் இருந்தவரை ஒரு துணி கவிழ்த்துவிடுமா என்ன? பட்டாபி மைக்கைப் பிடித்தார். "மாண்புமிகு அமைச்சர் அவர்கள் கேட்டது வரலாற்றுக் கேள்வி. இதோ புலி இருக்கிறது. மீன் இருக்கிறது. வில்லும் எருதும் இருக்கின்றன. யார் மனமும் நோகக் கூடாது என்பதற்காக அவற்றை நாங்கள் வரையவில்லை. எல்லா நிறங்களும் அடங்கிய நிறம் வெள்ளை. இதை எந்தக் கட்சியும் எதிர்க்க முடியாது, ஏனென்றால் எதிர்க்க இதில் எதுவுமே இல்லை!"

அமைச்சர் கொடியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரைக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. பதவி பிழைத்த மகிழ்ச்சியில் அவருக்குக் கண்ணே பனித்துவிட்டது. "அருமை!" என்றார்.

கொடிக்கு வணக்கம் செலுத்தும்படி ஒலிபெருக்கி அறிவித்தது. பேண்டு முழங்கியது. அமைச்சர், பட்டாபி, திருநாவுக்கரசு, தனகோடி, போலீஸ்காரர்கள், பந்தல் போட்டவர்கள் எல்லோரும் நெற்றியில் கை வைத்தார்கள். அமைச்சர் கையை இறக்கும்வரை பேண்டு நிற்கக் கூடாது என்பது உத்தரவு. புகைப்படக்காரர்கள் நாலா பக்கமும் ஓடிக்கொண்டிருந்ததால் அமைச்சர் கையை இறக்கவே இல்லை. வணக்கம் நடக்கும்போது அசையக் கூடாது என்பதால், மேலே இருந்தவருக்கு ஏணி கொண்டுவர யாரும் அசையவில்லை.

மோசஸ் கம்பத்தைக் கட்டிப் பிடித்தபடி உச்சியில் இருந்தார். ஈரத் துணி முகத்தில் அறைந்துகொண்டே இருந்தது. அவருக்கும் வணக்கம் செலுத்த வேண்டும் என்று தோன்றியது. பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவர் அல்லவா? வலது கையைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தார். உடம்பு ஒரு முழம் சரக்கென்று கீழே வந்தது. மறுபடி இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கண்ணை மூடினார்.

அவிழ்த்தாலும் கொடி முதலில் சிக்கியது சிக்கியதுதான் என்று பட்டாபி சொல் தவறவில்லை. அவர் நினைத்ததைவிட நன்றாகவே எல்லாம் முடிந்திருந்தது. வெள்ளைக் கொடியின் தொன்மையை ஆராயக் குழுவுக்கு மேலும் ஐந்து ஆண்டு நீட்டிப்புக் கிடைத்தது. எனவே அடுத்த வாரமே மோசஸின் பழைய மெமோ ரத்தாகி உத்தரவு வந்தது. அதே உறையில் ஒரு புதிய மெமோவும் இருந்தது. மோசஸ் வீட்டு வாசலில் உட்கார்ந்து அதை உரக்கப் படித்தார்.

"மாநிலக் கொடிக்கு அனைவரும் வணக்கம் செலுத்தியபோது, கொடிக்கு மிக அருகில் இருந்த தாங்கள் மட்டும் வணக்கம் செலுத்தவில்லை என்பது புகைப்படங்களின் வாயிலாகத் தெரிய வருகிறது. தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? விளக்கம் பெறப்பட்டு விசாரணை முடியும்வரை தங்கள் பணியை நிரந்தரமாக்குவது நிறுத்தி வைக்கப்படுகிறது."

செல்லம்மா அவருடைய முன்னங்கையில் சிராய்ப்புக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"கையை எடுத்திருந்தா வுழுந்திருப்பியேய்யா."

"ஆமா."

"அவ்ளோ ஒசரத்துல இருந்து வுழுந்தா பொழைப்பியா?"

"பொழைக்க மாட்டேன்."

"அது தெரியாதா இவங்களுக்கு?"

மோசஸ் மெமோவை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"தெரியும். வுழுந்திருந்தேன்னா, கருணை அடிப்படையில இந்நேரம் உனக்கு வேலை போட்டுக் குடுத்திருப்பாங்க. அது மட்டும் நிரந்தரம்."

செல்லம்மா மருந்துக் கையோடு அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள்.